வேன்காரர் தட்டாத கதவு

"நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு வேன்காரர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துகொள்வார். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண்ணுக்கு அது பெரிய உபகாரம். நன்றி சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குள் போய்விடுவாள். அடுத்து, இருமிக்கொண்டே வரும் பெரியவருக்கும் அதே உபகாரம். காலில் கட்டோடு நொண்டி வரும் கல்லூரி மாணவனுக்கும் அதேதான். இப்படி ஊருக்கெல்லாம் வழிவிடுகிறவரைப் பார்த்தால் தங்கமான மனிதர் என்று தோன்றும். தங்கமான மனிதர்தான், ஆனால் வழிவிடுவதற்குக் காரணம் அது இல்லை. அந்த நடையில் எதிரெதிரே இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று டாக்டருடையது, மற்றது நர்ஸுடையது. டாக்டர் கதவு திறக்கும்போதெல்லாம் யாரையாவது உள்ளே தள்ளிவிட்டு, நர்ஸ் கதவு திறந்தவுடன் நம்மவர் சட்டென்று எழுந்து அதற்குள் புகுந்துவிடுவார்.

அந்தச் சின்ன மருத்துவமனையில் நர்ஸுக்குத் தனி அறை உண்டு. ரத்தக் கொதிப்பு பார்ப்பார், சர்க்கரை பார்ப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார், சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை எழுதித் தருவார். காலையிலிருந்தே இருப்பார். டாக்டர் கொஞ்சம் தாமதமாக வருவார். யாரிடம் காட்டுவது என்பது வருகிறவர் விருப்பம். வேன்காரருடைய விருப்பம் அந்த நடையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்கு மட்டும்தான் தெரியாது.

வேன்காரருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது தொழில். காலையில் என்ஜினை ஓடவிட்டு வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, காதாலேயே பார்ப்பதுபோல. "பின்னாடி இடது பக்கம் என்னவோ முணுமுணுக்குது" என்பார். வேறு யார் காதுக்கும் ஒன்றும் எட்டாது. பட்டறையில் கழற்றிப் பார்த்தால் அங்கே ஒரு திருகாணி தளர்ந்திருக்கும். பள்ளிக்கூட வாசலில் ஹாரன் அடிக்கமாட்டார். எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையோடு டூ விட்டிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கை ஒதுக்குவார். வேறொருவர் ஓட்டும் வண்டியில் ஏறினால் மட்டும் அவருடைய வலது கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். மச்சானுடைய காரில் முன்சீட்டுக்குக் கீழே விரிப்பு தேய்ந்துபோனது மாமாவின் கைங்கரியம், இல்லை, கால்கைங்கரியம் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

வண்டியைப் பற்றி அவருக்கு ஒரு சித்தாந்தம் உண்டு. கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

"வண்டின்னா ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் மெக்கானிக், இன்னொருத்தர் இன்ஸ்பெக்டர். மெக்கானிக்கிட்ட ஒண்ணையும் மறைக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது."

வருஷா வருஷம் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பழகியவர் கண்டுபிடித்த சட்டம் இது. வண்டியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தன் உடம்புக்கும் அதையே வைத்துக்கொண்டார். பிள்ளைகளின் வண்டியை ஓட்ட உடல் தகுதி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. நர்ஸுக்கு அந்தக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. ஆகவே டாக்டர் இன்ஸ்பெக்டர் ஆனார், நர்ஸ் மெக்கானிக் ஆனார்.

டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்கினால் வீட்டில் ஒரு வாரம் முன்பே ஏற்பாடுகள் தொடங்கிவிடும். உப்பைக் குறைப்பார். வறுத்தது பொரித்தது பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். விடிவதற்குள் எழுந்து நடப்பார். முடி வெட்டி, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போய், பெஞ்சில் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். கொதிப்பு அளவு இறங்க வேண்டுமே.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு ஜோடிச்சுக்கல" என்று சொல்வாள் அவர் மனைவி. அவள் ஒரு பேக்கரியில் பில் போடுகிறாள். அவளுக்கு இதில் வேறு கட்சி. சாதாரண தும்மலுக்கும் டாக்டரைத்தான் பார்ப்பாள்.

"சிஸ்டர் நல்லவங்கதான், யாரு இல்லேன்னா? ஆனா டாக்டர்னா டாக்டர்தான். அவரு படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"படிப்பு இருக்கட்டும்மா. நான் பேசி முடிக்கிற வரைக்கும் சிஸ்டர் என் மூஞ்சியப் பார்க்கிறாங்க. இவரு நான் உட்கார்றதுக்கு முன்னாடியே டைப் அடிக்க ஆரம்பிச்சுடுறாரு."

"மூஞ்சியப் பார்த்தா மட்டும்? நீங்க என்னைக்காவது வாயத் திறந்து அவர்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கீங்களா, அவரு காதுல வாங்காம போறதுக்கு?"

பேச்சு இந்த இடத்துக்கு வந்தால் வேன்காரர் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். அன்றைக்கும் வண்டி பளபளத்தது.

மனைவி சொன்னது நியாயம்தான். டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவசரக்காரர், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறவர். எப்படி இருக்கீங்க என்று கேட்டால், "நல்லா இருக்கேன் சார்." தூக்கம் எப்படி என்றால், "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன் சார்." மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றால், "சேச்சே." வீடு மூன்றாவது மாடியில் என்பதும், ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோடோ போனில் பேசுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றுதான் ஏறுகிறார் என்பதும் அந்தச் சேச்சேக்குள் அடங்கிவிடும். டாக்டர் என்ன ஜோசியம் பார்ப்பவரா?

எதிர் அறையில் நடப்பதே வேறு. அங்கே போகும்போது குளிப்பதுகூட இல்லை. சட்டையில் டீசல் வாசனையோடு போய் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்வார். ஸ்டெதஸ்கோப்பின் சில்லிட்ட முனையைத் தன் கோட்டுக் கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் நெஞ்சில் வைப்பார் சிஸ்டர். அந்த ஒரு காரியத்துக்காகவே வேன்காரர் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவார். நேற்று ராத்திரி மூக்குமுட்டத் தின்றது, மாத்திரையை மறந்தது, மறந்ததை மனைவியிடம் மறைத்தது எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

"உங்களை என்னதான் பண்றது அண்ணா?" என்று சிஸ்டர் கேட்பார்.

"திட்டுங்க சிஸ்டர். திட்டு வாங்கத்தானே வந்தேன்."

அவரும் திட்டுவார். மாத்திரையை மாற்றி எழுதுவார். சில சமயம், "இதை டாக்டர் பார்த்தா நல்லது" என்று எதிர்க் கதவைக் காட்டுவார். வேன்காரர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு நேரே வாசலுக்குப் போய்விடுவார். அடுத்த முறை வரும்போது, "அது தானா சரியாப் போச்சு சிஸ்டர்" என்பார். பாதி உண்மையாகவும் இருக்கும்.

இந்தக் கணக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்று காலை பிள்ளைகளோடு போகும்போது சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். அதுவரைக்கும் நினைவிருக்கிறது. அடுத்ததாகக் காதில் விழுந்தது பின்னால் வரிசையாக அலறும் ஹாரன்கள்தான். விளக்கு பச்சையாகியிருந்தது. எப்போது ஆனது? தெரியவில்லை. நடுவில் ஒரு துண்டைக் காணோம். தூக்கம் என்றால் வரும்போதே கண்ணைச் சொருகும், கொட்டாவி வரும். இது சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டுப் போயிருந்தது.

முன்சீட்டில் பல் விழுந்த ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். "மாமா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லடா கண்ணு. மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன்."

"எத்தனை வந்துச்சு?"

"சரியா வரலடா."

அவள் நம்பிவிட்டாள். இறங்கும்போது வாசலில் நின்ற டீச்சரிடம், "எங்க வேன் மாமாக்குக் கணக்கு வரல மிஸ்" என்று புகார் வேறு சொன்னாள். டீச்சர் சிரித்தார். வேன்காரரும் சிரித்தார். பிள்ளைகள் எல்லாம் உள்ளே போன பிறகு சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார். நின்ற வண்டியில் வந்தது ஓடுகிற வண்டியில் வந்திருந்தால் என்று ஒரு நினைப்பு. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

அங்கேயே உட்கார்ந்து மச்சானைப் போனில் கூப்பிட்டார். "மத்தியான ட்ரிப்பை நீ பார்த்துக்கோடா. வண்டி ஸ்கூல் வாசல்லதான் நிக்குது. எனக்குப் பல்லு வலி."

"உங்களுக்குப் பல்லு வலியா? நீங்க இரும்பையே கடிச்சுத் தின்னுவீங்களே மாமா."

"சொன்னதைச் செய்டா."

பிறகு வண்டியைப் பூட்டி, சாவியைப் பள்ளிக்கூட வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்கு நடந்தே போனார். போனது எந்த அறைக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

"எந்திரிக்கும்போது லேசா தலை சுத்துது சிஸ்டர்" என்று தொடங்கினார்.

சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

"ரொம்ப மெதுவா இருக்கு அண்ணா. நடுவுல நின்னு நின்னு வருது. தலை சுத்துச்சுன்னீங்களே, எப்ப?"

"காலையில."

"எங்க இருக்கும்போது?"

"வீட்ல."

"வண்டி ஓட்டும்போது ஏதாவது வந்துச்சா?"

"சேச்சே."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. எதிர் அறைக்கென்று வைத்திருந்த சொல் அது. இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இத்தனை காலமாக ஒரு முறைகூட அதைச் சொன்னதில்லை. சிஸ்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையைப் படிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னிக்கு டாக்டரைப் பார்த்துட்டுத்தான் போகணும். தலையாட்டிட்டு வாசல் பக்கம் நழுவுற வேலையெல்லாம் வேண்டாம். நானே கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கிறேன்."

"நீங்களே ஒரு மாத்திரை எழுதிக் கொடுங்களேன் சிஸ்டர். உங்க கை ராசி எனக்குப் போதும்."

"எனக்குத் தெரிஞ்சதுக்கு எழுதுவேன். இது என் வேலை இல்ல."

வேன்காரருக்கு அழுகை வரும்போல் இருந்தது. வேறு வழியில்லாமல் தன் சித்தாந்தத்தை எடுத்துவிட்டார். இன்ஸ்பெக்டர், மெக்கானிக், கையெழுத்து எல்லாவற்றையும் கொட்டினார். சிஸ்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தார்.

"அப்படியே வச்சுக்குவோம். நான் ஆயில் மாத்துவேன், பிரேக் பார்ப்பேன், டயருக்குக் காத்து அடிப்பேன். என்ஜினைப் பிரிக்க மாட்டேன் அண்ணா. தெரியாம பிரிச்சுப் போட்டா திரும்பச் சேர்க்க வராது. அது தெரிஞ்சவரு எதிர் ரூம்ல இருக்காரு. அவரும் மெக்கானிக்தான்."

"கையெழுத்துப் போடுற மெக்கானிக்."

"ஆமா. கையெழுத்தைப் போடாமலும் விடுவாரு. அதெல்லாம் ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

சொன்னபடியே கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தார். நாடியைப் பற்றிக் கம்ப்யூட்டரில் டாக்டருக்கு எழுதி வைத்தார். ஈசிஜி எடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் வேன்காரரின் இதயமும் அவரைப் போலத்தான். டாக்டர் பார்ப்பதற்குள் தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு தயாராகிவிட்டது. தாளில் கோடுகள் ஒழுங்காக ஏறி இறங்கின.

பெஞ்சில் காத்திருக்கும்போது மனைவி போன் செய்தாள். "தம்பி சொன்னான், பல்லு வலியாமே? சிஸ்டர்கிட்டயே நின்னுடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அந்தப் பக்கம் பேக்கரியில் யாரோ பில் கேட்கும் சத்தம் வந்தது. பிறகு அவள், "நான் கிளம்பி வரவாங்க?" என்றாள். குரல் மாறியிருந்தது.

"வேண்டாம்மா. வேலையைப் பாரு."

கதவு திறந்தது. பக்கத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில், "நீங்க போங்க" என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு வேன்காரர் எழுந்தார்.

மழிக்காத முகம், கசங்கிய சட்டை, அக்குளில் வியர்வை. இந்தக் கோலத்தில் இந்த அறைக்குள் அவர் வந்ததே இல்லை. டாக்டர் ஒரு கணம் யாரோ என்று பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்."

சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தார். வாய் முந்திக்கொண்டது.

டாக்டர் நாடியைப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஈசிஜி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார். "சிஸ்டர் எழுதியிருக்காங்க, நாடி மெதுவா இருந்துச்சுன்னு. இப்ப சரியா இருக்கே. மயக்கம் ஏதாவது வந்துச்சா? கண்ணு இருட்டுற மாதிரி?"

"இல்ல சார்."

"வண்டி ஓட்டும்போது?"

"இல்ல சார்."

"சரி. எதுக்கும் அடுத்த மாசம் வாங்க, இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்." சொல்லிக்கொண்டே டாக்டர் திரையைப் பார்த்தார். "இந்த மாசம் உங்க டிரைவிங் சர்டிபிகேட் வேற இருக்கு போலிருக்கே. அதுக்கு வேற ஒரு தடவை எதுக்கு அலையறீங்க? இப்பவே போட்டுக் கொடுத்துடறேன்."

உப்பைக் குறைக்கவில்லை, நடக்கவில்லை, முகம் மழிக்கவில்லை. ஒரு வாரம் தவம் கிடந்து வாங்குகிற கையெழுத்து தானாக வந்துகொண்டிருந்தது. அதுவும் டாக்டர் அவர்மேல் இரக்கப்பட்டுத் தருவது. வேன்காரருக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. நாளைக் காலையில் வண்டி அவருடையது. பிள்ளைகள் எல்லோரும் அவரவர் இருக்கையில் இருப்பார்கள். அதே சாலை, அதே சிக்னல். ஒருவேளை சிக்னலைத் தாண்டியும் இருக்கலாம், பள்ளத்தில் இறங்குகிற இடத்தில், வண்டி வேகம் பிடிக்கிற இடத்தில். வருகிறபோது சொல்லிவிட்டா வரும்?

"சார்" என்றார். அச்சு இயந்திரத்தின் இரைச்சலில் அது டாக்டருக்குக் கேட்கவில்லை.

அதிலிருந்து டாக்டர் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெயரைச் சரிபார்த்தார். தேதியைப் போட்டார். அடியில் கோடு போட்டிருந்த இடத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

வேன்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, அந்தக் கோட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். பேனா முனை அவருடைய விரல் முட்டியில் நீலமாக ஒரு கீறல் இழுத்துவிட்டு நின்றது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். வேன்காரர் கையை எடுக்கவில்லை.